கடாரத்துக் கருடன்

தஞ்சோங் டாவாய், கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில் அமைந்த மீனவர் ஊர். நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெயர் பெற்றது. சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங் வட்டாரத்துத் தோட்டத் தமிழர்க்கு அது எதிர்க்கரையிலுள்ள பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகேறும் துறையாகவும் அறிமுகமானது. அவ்வூருக்கு வடக்கே ஜெராய் மலை 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. பண்டை நாளில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு நெடுந்தொலைவிலேயே கண்ணிற் பட்ட அடையாளம் அம்மலை. அதன் அடிவாரத்திலும், மெர்போக், பூஜாங் ஆறுகளின் கரைகளிலுமே பழைய கடாரத்தின் துறைகளும் கோயில்களும் இருந்தன.

கடாரம் என்றவுடன் தமிழாசிரியர் நினைவுக்கு வருவன சில செய்திகளே. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பண்டங்களுள் காழகத்துப் பொருளையும் குறிக்கிறது. காழகம் என்பது கடாரமே என்று உரையாசிரியர் பொருள் கொண்டார். 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழனின் கப்பற்படை அந்நாட்டின்மேற் சென்றது. அதற்குச் சற்று முன்னர், இராசராசன் ஆட்சியில், கடாரத்தரையன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டது. வகுப்பறைகளில் கடாரம் பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடும். கடாரம் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்லிக்கொண்டது என்னும் வினா அரிதாகவே எழுகிறது.

அவ்வினாவுக்கு விடையாக ஒரு நூல் இருக்கிறது. 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா' என்னும் மலாய் உரைநடை நூலே அது. கெடா அரச மரபின் தோற்றத்தைக் கூறுவது. சென்னைப் படையைச் சேர்ந்தவரும், வெல்லஸ்லி மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவருமான ஜேம்ஸ் லோ என்பார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1849ஆம் ஆண்டு லோகனின் ஏட்டில் வெளியிட்டார். 1898இல் பினாங்கில் ஜாவி எழுத்தில் கல்லச்சாயிற்று. 1916இல் ஸ்டரக் என்பவர் ரோமன் எழுத்தில் பதிப்பித்தார். 1970இல் சித்தி ஹாவா சாலே அதன் ஆய்வுப் பதிப்பைக் கொணர்ந்தார்.

நூலின் மதிப்பைப் பற்றி அறிஞர்களிடையே தொடக்கத்திலேயே வழக்கு எழுந்தது. லோ அதில் வரலாற்றுச் செய்திகளைத் தேடினார். ஜான் கிராஃபர்டோ, ஆண்டுக் கணக்கே இல்லாத வெறுங் கட்டுக்கதை, நம்பத்தக்க செய்தி ஒரு மணியளவும் அதில் இல்லை என்று 1856இல் தள்ளிவிட்டார். பின்வந்த மேனாட்டு ஆய்வாளர் பலரும் நூலின் ஒவ்வோர் இழையும் எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவதிலேயே முனைந்தனர். இது இராமகதையிலிருந்து வந்தது, இது புத்த சாதகக் கதை, இது அரபு நாட்டுக் கதை, இது ஜாவானியர் வழக்கு என்று அடையாளச் சீட்டு ஒட்டி முடித்தபின், நூலுக்கென்று மிஞ்சியது ஒன்றுமில்லை என்பதே அவர்தம் எண்ணம் போலும்.

தமிழ்ப் படிப்பாளர் இந்நூலை அணுகும்போது வேறொரு பிழைக்கு ஆளாகின்றனர். கருடன் வருகிறான், இலங்காபுரி வருகிறது, 'மகாவங்சா' என்னும் பெயர் வருகிறது. ஆகவே இதெல்லாம் நம் வீட்டுச் சரக்கே என்று மகிழ்ந்து, அம்மகிழ்ச்சியோடு நூலை மூடிவைத்துவிடுகின்றனர். கிராஃபர்டின் இகழ்ச்சிக்கும் இம்மகிழ்ச்சிக்கும் அடிப்படை ஒன்றே. பொருள் எங்கிருந்து வந்தது என்று கண்டுவிட்டால் நூலைக் கண்டுவிட்டதாகும் என்பதுதான் இரண்டிலும் உள்ள நம்பிக்கை.

இந்த அளவுகோலைத் தமிழ் நூல்களின்மேல் வைத்தால் என்ன நேரும்? பெருங்கதை பைசாசத்துப் பிருகத்கதையின் வழிவந்தது. கம்பர் கதையை வான்மீகியிடம் பெற்றார். வில்லிபுத்தூரார் வியாசரிடம் பெற்றார். உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றை அரபு மரபிலிருந்து பெற்று, அரபு நாட்டை நெல்விளையும் மருத நிலமாக்கிச் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் பாடினார். இவற்றைக் கடன் என்று ஒதுக்கினால் தமிழ்க் காப்பியத்தில் எஞ்சுவது சிலவே. நல்ல வேளையாகத் தமிழ் இலக்கண நூலார் அப்படி எண்ணவில்லை. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல், வழி என வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், இரண்டும் கலந்து செய்தல், மொழிபெயர்த்தல் என்று நால்வகைப்படுத்துகிறது. நன்னூலார் இன்னும் ஒரு படி மேற்சென்று, முன்னோன் முடிபோடு ஒத்துநிற்கும் வழிநூலில், பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்க்கவும் இடம் தருகிறார். இவ்விதிகள் இலக்கணம் போன்ற அறிவு நூல்களைக் கருதிச் செய்யப்பட்டவை என்று கூறுவர், உண்மையே. ஆயினும் பின்னோன் விரும்பிச் சேர்க்கும் அந்த வேறுபாட்டிலேதான் ஒரு நூலின் உயிர் இருக்கிறது என்பது காப்பியத்துக்கும் கதைக்கும் இன்னும் மிகுதியாகப் பொருந்தும். கம்பரின் இராவணன் சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். வான்மீகியில் அப்படி இல்லை. கதை வடக்கிலிருந்து வந்தது. பெயர்க்கப்பட்ட அந்த நிலம் தமிழ்நாட்டுக் கற்புநெறி என்னும் நிலம்.

மெரோங் மகாவங்சாவின் கதையையும் இவ்வழியிலே படித்துப் பார்த்தல் வேண்டும்.

பறவை யாருடையது?

நூல் ஒரு பறவையோடு தொடங்குகிறது. ரூம் நாட்டரசன் மகனுக்கும் சீன அரசன் மகளுக்கும் திருமணம் நிகழும் என்பது விதி. கெரோடா, அதாவது கருடன், சுலைமான் நபியிடம் சென்று, இதனைத் தான் தடுத்துவிட முடியும் என்று சூள் உரைக்கிறது. சீன இளவரசியைத் தூக்கிச் சென்று லங்காபுரித் தீவில் ஒளித்து வைக்கிறது. அத்தீவு இராமனும் அனுமனும் போர் செய்து போனது முதல் ஆளரவமற்றுக் கிடக்கிறது என்று நூலாசிரியர் ஒரு சொல் சேர்க்கிறார். ரூம் இளவரசனின் கப்பல்களைக் கருடன் தாக்குகிறது. காவலாக வந்த மெரோங் மகாவங்சா, இதிகாச வீரரின் அத்திரங்களை நினைவூட்டும் மாய அம்புகளால் பொருகிறான். எனினும் இளவரசனின் கப்பல் மூழ்குகிறது. இளவரசன் அலைகளால் ஒதுக்கப்பட்டு, எந்தத் தீவில் அவள் மறைக்கப்பட்டாளோ அதே தீவில் கரை சேர்கிறான். முடிவில் கருடன் தன் வெற்றியைக் காட்டச் சுலைமான் நபியின் முன் கொண்டுவந்து வைத்த பெட்டியினுள்ளே இளவரசியோடு இளவரசனும் இருக்கிறான்! தோற்ற பறவை உலகத்தைவிட்டு ஒதுங்கிப் பறந்து போகிறது.

கருடன் பெயரைக் கண்டதும் இது வைணவக் கதையின் சிதைவு என்று கொள்ளத் தோன்றும். ஆனால் எந்த இந்தியப் புராணத்திலும் கருடன் விதியை மறுத்து வாதிடுவதில்லை. 11ஆம் நூற்றாண்டில் மறைந்த தஃலபி என்னும் அறிஞர் தொகுத்த நபிமார் கதைகளில் 'அன்கா' என்னும் பெரும் பறவை ஒன்று உண்டு. அது சுலைமான் நபியிடம் விதியை மறுத்துப் பேசுகிறது. மேற்கில் பிறந்த அரசகுமாரனும் கிழக்கில் பிறந்த அரசகுமாரியும் கூடுவதைத் தடுக்க அப்பெண்ணைத் தூக்கிச் சென்று மறைத்துத் தோற்கிறது. பாரசீக வழக்கில் அப்பறவையே சீமுர்க். ஆக, கெடாவின் கதைசொல்லி அரபுக் கதையை எடுத்து, அதிலிருந்த பறவையை நீக்கி, தன் மக்கள் நெடுங்காலமாக அறிந்த இந்தியப் பறவையை அங்கே அமர்த்தியிருக்கிறார். பறவை இங்கிருந்து போனது. கதை அங்கிருந்து வந்தது. நம் வீட்டுச் சரக்கு என்ற மகிழ்ச்சி பாதி அளவே செல்லும்.

அதைவிடச் சுவையானது அக்கதைசொல்லி செய்த மற்றொரு வேலை. அரபுக் கதையில் கிழக்கும் மேற்கும் உலகின் இரு முனைகள், அவ்வளவே. இங்கே அவை ரூமும் சீனமும் ஆகின்றன. இருவரும் சந்திக்கும் இடம் கெடாக் கடலிலுள்ள லங்காவி. இது ஏதோ ஓரிடமன்று. 671ஆம் ஆண்டு சீனத்திலிருந்து புறப்பட்ட இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, இந்தியாவுக்குச் செல்லும் வழியில் கெடாவில் தங்கியே கப்பல் ஏறினார். மேல்காற்றில் வந்த கப்பல்களும் கீழ்காற்றில் வந்த கப்பல்களும் காற்று மாறும்வரை காத்துக் கிடந்த துறை அது. பெங்காலான் பூஜாங்கில் தோண்டியபோது சீனத்துப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் ஒரே மண்ணில் கலந்து கிடந்தன. பானைத் துண்டுகளாக அங்கே சந்தித்த சீனமும் மேற்கும், கதையில் மணமக்களாகச் சந்திக்கின்றன என்று கூறினால் மிகையாகாது. உலகின் இரு முனைகளும் கூடும் இடம் எங்கள் கடல் என்று ஒரு துறைமுக நாடு பெருமை பேச விரும்பியது. அதற்கு வாய்ப்பான கதையை அரபு நாட்டு மாலுமியின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டது.

இன்னொன்றையும் நோக்குதல் தகும். மணமகன் ரூம் நாட்டவன், மணமகள் சீனத்தாள். மெரோங் மகாவங்சாவோ வெறும் காவலன். அரபுக் கதையில் அவனுக்கு இடமே இல்லை. கப்பல்கள் சிதறியபின், தன் தலைவனை இழந்து, வழி தெரியாது அலைந்து கரையேறும் அவன், அரக்கர் போன்ற கெர்காசிகள் வாழும் நிலத்தில் இடம் கேட்டுப் பெற்று லங்காசுகம் என்னும் நகரை அமைக்கிறான். கெடாவின் அரச மரபு அவனிடமிருந்து தொடங்குகிறது. பெருங்கதை முடிந்து மணமக்கள் தத்தம் நாட்டுப் பெருமையோடு போய்விடுகின்றனர். கதையின் ஓரத்தில் நின்றவன் தனிக்கதைக்குத் தலைவனாகிறான். பிறர் கதையில் தனக்கென்று ஒரு வெற்றிடம் கண்டுபிடித்து அங்கே குடியேறும் இத்திறம் எளிதில் கைவருவதன்று. சேக்சுபியரின் நாடகத்தில் ஓரமாய் வரும் இரு பாத்திரங்களை எடுத்துத் தனி நாடகம் செய்த டாம் ஸ்டாப்பர்டை 1960களில் மேனாட்டார் புதுமை என்று பாராட்டினர். கெடாவின் பெயரறியாக் கதைசொல்லிக்கு அப்பாராட்டு கிட்டவில்லை.

மெரோங் மகாவங்சாவின் மகன் பெயர் மெரோங் மகாபோடிசாட். மகாபோதிசத்துவர் என்னும் சொல்லே அது. இசுலாமிய சுல்தான்களின் முன்னோர் வரிசையில் போதிசத்துவர் பெயர் அழிக்கப்படாமல் நிற்கிறது. 1834இல் லோ புக்கிட் மெரியாமில் பௌத்தக் கல்வெட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். 2023இலும் 2024இலும் புக்கிட் சோராஸில் தோண்டியவர்கள் பௌத்தக் கட்டடத்தின் எச்சத்தையும் சுதை உருவங்களையும் கண்டனர். மண் மறைத்து வைத்திருந்ததை நூல் பெயரளவிலாவது காத்து வந்திருக்கிறது.

கோரைப்பல் அரசன்

நூலின் மிகச் சிறந்த பகுதி ராஜா பெர்சியோங்கின் கதை. சமையற்காரி அவசரத்தில் கீரை அரியும்போது விரலை வெட்டிக்கொள்கிறாள். இரத்தம் கீரையில் விழுகிறது. அடிகலத்தைக் கழுவ நேரமின்றி அப்படியே படைக்கிறாள். அரசன் அன்றைய உணவின் சுவையில் மயங்குகிறான். அச்சுறுத்திக் கேட்டு உண்மையறிகிறான். அன்று முதல் மனித இரத்தம் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. சிறையிலிருந்தோர் முதலில் பலியாகின்றனர், பின்னர் குடிமக்கள். அரசனுக்குக் கோரைப்பற்கள் முளைக்கின்றன.

இக்கதையின் மூலம் எது என்பதில் ஐயமில்லை. பாலி சாதகத் தொகுதியின் 537ஆம் கதையாகிய மகாசுதசோம சாதகத்தில், காசி அரசனுக்காக வைத்திருந்த இறைச்சியை நாய்கள் தின்றுவிட, சமையற்காரன் பிணத்தின் தசையைச் சமைத்துக் கொடுக்கிறான். அரசன் அச்சுவைக்கு அடிமையாகி நாட்டைவிட்டுத் துரத்தப்படுகிறான். மகாபாரத ஆதி பருவத்துக் கல்மாசபாதன் கதையும் இதன் உறவே. அங்கே முனிவர் சாபம் காரணமாகிறது.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கெடாவின் கைவண்ணம் புலப்படும். மகாபாரதத்தில் அரசன் சாபத்தால் கெடுகிறான். சாதகத்தில் முற்பிறப்பில் இயக்கனாக இருந்த வாசனையால் கெடுகிறான். கெடாவில் சாபமும் இல்லை, முற்பிறப்பும் இல்லை. ஒரு துளி இரத்தமும் ஒரு கவளச் சோறுமே போதுமானவையாக இருக்கின்றன. ஆட்சி கெடுவதற்குப் பெருங்காரணம் வேண்டியதில்லை. ஒருநாட் சுவையை மறுநாளும் கேட்கும் நாவே போதும் என்னும் கடுமையான அரசியல் அறிவு அதிலே பொதிந்திருக்கிறது. கழுவ நேரமில்லாத சமையற்காரியின் அச்சம், அவ்வரண்மனையில் ஏற்கெனவே நிலவிய கொடுமைக்குச் சான்றாகவும் அமைகிறது.

முடிவும் மாறுகிறது. சாதகத்தில் போதிசத்துவராகிய சுதசோமர் அறவுரை கூறி அவனை நல்வழிப்படுத்துகிறார். சாதகம் சமய நூலாதலின் திருத்தமே அதற்கு இலக்கு. கெடாவில் அரசன் திருந்துவதில்லை. அமைச்சர்கள் கூடி ஆராய்ந்து அவனைத் துரத்துகின்றனர். காட்டுக்கு ஓடும் வழியில் அவன் தன் கோரைப்பற்களைப் பிடுங்கி எறிந்த இடமே பாலிங் என்பது ஊர்வழக்கு. மலாயில் அச்சொல் எறிதலைக் குறிக்கும். மலாய் இலக்கியத்தில் அரசனை எதிர்த்தல் பெரும்பாவம் என்பதை அறிந்தோர்க்கே இம்முடிவின் துணிவு விளங்கும். செஜாரா மெலாயு என்னும் நூலில், டெமாங் லேபார் டாவுன் என்னும் தலைவனும் ஸ்ரீ திரி புவனா என்னும் அரசனும் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று வருகிறது. குடிகள் ஒருநாளும் அரசனுக்கு இரண்டகம் செய்யலாகாது. அரசன் ஒருநாளும் குடிகளை இழிவுபடுத்தலாகாது. உடன்படிக்கையை அரசனே முறித்தால் என் செய்வது என்னும் வினா அங்கே தொங்கி நிற்கிறது. அதற்குக் கெடா தந்த விடை ராஜா பெர்சியோங். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் பிழை உணர்ந்த நொடியில் தானே உயிர் துறக்கிறான்; பிழை உணராத அரசனைப் பற்றி இளங்கோவடிகள் பாட நேரவில்லை.

துரத்திய அமைச்சர்களுக்கு அடுத்த கவலை, அரியணையில் யாரை அமர்த்துவது என்பது. சயாம் நாட்டுக் கணியர் சொற்படி கெமாலா ஜொஹாரி என்னும் யானையை விடுகின்றனர். அது காட்டுவழி சென்று ஒரு சிறுவனைக் கொண்டுவருகிறது. தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் இரு கதைகள் உடனே நினைவுக்கு வரும். கழுமலத்திலிருந்த யானை கருவூரிலிருந்த கரிகாலனைத் தேடிக் கொணர்ந்ததைப் பழமொழி நானூறு குறிக்கிறது. மதுரையில் அரசன் பிள்ளையின்றி இறந்தபோது யானை மூர்த்தி நாயனாரைத் தன் பிடரில் ஏற்றியதைப் பெரியபுராணம் பாடுகிறது. சேக்கிழாரின் யானை ஓர் அடியவரைத் தேர்கிறது. அவரும் திருநீறும் கண்டிகையும் சடைமுடியுமே தமக்கு அரசச் சின்னம் என்று கூறிய பின்னரே முடி ஏற்கிறார். கெடாவின் யானை தேர்ந்தது, துரத்தப்பட்ட அரசனுக்கு ஊர்ப்பெண் ஒருத்தியிடம் பிறந்து சிற்றூரில் வளர்ந்த மகனை. அரச இரத்தம் தொடர்கிறது. ஆனால் அரண்மனை அவனைக் கெடுக்கவில்லை. அமைச்சர்கள் தாமே ஒருவனைத் தேர்ந்தனர் என்னும் பழியும் வரவில்லை. யானை அங்கே மூன்று சிக்கல்களை ஒருங்கே தீர்த்து வைக்கிறது. இக்கதை தமிழிலிருந்து அங்கே சென்றதா, இரண்டும் வேறொரு பொது மூலத்தினவா என்று வாதிடுவோர் வாதிடுக. அந்த யானை செய்யும் வேலையை விளக்கிக் காட்ட அவ்வாதம் உதவாது.

பிரிக்கப்படாத மூட்டை

நூல் முழுதும் இத்தரத்தது என்று கூறுவதற்கில்லை. யானை வந்து போனபின் மூங்கிலிலிருந்து ஒரு பிள்ளையும், ஆற்று நுரையிலிருந்து ஒரு பெண்ணும் தோன்றுகின்றனர். மூங்கிற் பிறப்பு மலாய் உலகெங்கும் வழங்குவது. பாசாய் அரசர் வரலாற்றிலும் உண்டு. அங்கே அது கதையைத் தொடங்கி வைக்கிறது. இங்கோ அது எதற்கும் பயன்படவில்லை. அப்பிள்ளையும் அப்பெண்ணும் இல்லாவிடினும் கதையில் ஒன்றும் குறையாது. பிற நூல்களில் இருக்கிறதே, இங்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்த மூட்டை பிரிக்கப்படாமலே கிடக்கிறது. கடன்பட்டமை குற்றமன்று, வாங்கியதைச் செலவிடாமல் வைத்திருப்பதே குற்றம்.

அதற்கு மாறாக, அரசன் இசுலாத்தைத் தழுவும் இறுதிப் பகுதி நகைச்சுவையும் நயமும் உடையது. சேக் அப்துல்லா என்னும் யெமன் நாட்டுப் பெரியவர், இப்லீசு என்னும் சைத்தானின் வேலைகளைக் காண விரும்பி அவனுடன் திரிகிறார். குறுக்கே பேசக்கூடாது என்பது நிபந்தனை. கெடா அரசனின் மதுக்கிண்ணத்தை இப்லீசு அசுத்தம் செய்வதைக் கண்டு பொறுக்காமல் பேசிவிடுகிறார்; உடனே அரசனின் படுக்கையறையில் கண்ணுக்குப் புலப்பட்டு நிற்கிறார்! மூசா நபி, கேள்வி கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டு ஒரு ஞானியோடு பயணம் செய்து, கேட்டுவிட்ட வரலாறு குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் உண்டு. அதே அமைப்பை எடுத்து, ஞானியின் இடத்தில் சைத்தானை நிறுத்திய துணிவை என்னென்பது! பொறுமையின்மையால் மூசா நபி வழித்துணையை இழந்தார். பொறுமையின்மையால் சேக் அப்துல்லா ஒரு நாட்டையே நன்னெறியிற் சேர்த்தார். மூலத்தை நன்கு அறிந்தவரே அதனை இப்படித் தலைகீழாக்க இயலும். முன்னோர் நூலில் பயிற்சியில்லாதார்க்குப் புதுமை எளிது என்று எண்ணும் இளைஞர்கள் இவ்விடத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

கல்லிலும் இதே கைவேலையைக் காணலாம். மெர்போக்கை அடுத்த புக்கிட் பாத்து பகாட் சண்டியை அலாஸ்டர் லாம்ப் குழுவினர் 1959, 1960ஆம் ஆண்டுகளில் மீட்டு அமைத்தனர். கருவறையும் அதன்முன் மண்டபமும் இந்தியக் கோயில் முறையிலேயே அமைந்தவை. ஆனால் கற்பீடங்களில் தூண்குழிகள் இருத்தலின், மேற்கூரையைத் தாங்கியது மரம் என்று தெரிகிறது. மழை மிகுந்த நாட்டுத் தச்சன், கோயிலின் திட்டத்தைக் கடலுக்கு அப்பாலிருந்தும் கூரையைத் தன் ஊரிலிருந்தும் பெற்றான். அப்பள்ளத்தாக்கின் மற்றொரு சண்டியின் எச்சம் 2013இல் நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டபோது, அக்கோயில்கள் யாருடையவை என்னும் பூசல் நாளேடுகளை நிரப்பியது. அந்தத் தச்சனைப் பற்றி எழுந்த பேச்சு குறைவு.

பழங்கதையைப் பிற்காலத்தார் எடுத்தாண்டதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கெடா அரசகுடும்பத்தவரும் மலேசியாவின் முதற் பிரதமருமான துங்கு அப்துல் ரகுமான் எழுதிய கதையைக்கொண்டு ஜமில் சூலோங் இயக்கிய 'ராஜா பெர்சியோங்' திரைப்படம் 1968இல் வெளிவந்தது. அரசன் ஒருவன் துரத்தப்படும் கதையை ஆட்சியிலிருக்கும் பிரதமரே எழுதியது உலகில் அடிக்கடி நிகழ்வதன்று. 2011இல் மெரோங் மகாவங்சாவின் கதையும் பெரும்பொருட் செலவில் திரைப்படமாயிற்று. அதிலே கெரோடா பறவையன்று, கடற்கொள்ளையர் கூட்டம். பறவை பேசினால் இக்காலத்தார் நம்பார் என்று எண்ணினர் போலும். கொள்ளையரோடு போர் செய்யலாம். விதியோடு வாதிட ஒரு பறவை வேண்டும். பழைய கதைசொல்லி அன்காவை நீக்கிக் கருடனை வைத்தபோது கதை வளர்ந்தது. கருடனை நீக்கிக் கொள்ளையரை வைத்தபோது அது சுருங்கிப் போயிற்று. இரண்டும் மாற்றங்களே, இரண்டும் ஒன்றல்ல.

தமிழ் வரலாற்று நாவல்களில் கடாரம் வருவதும் உண்டு. சாண்டில்யனின் 'கடல் புறா' கடாரத்து இளவரசியைக் கதைத் தலைவியருள் ஒருத்தியாக்கியது. பல்லாயிரவர் அதனை விரும்பிப் படித்தனர். அங்கே கடாரம் சோழ நாட்டு வீரனின் வீரம் விளங்குவதற்கு அமைந்த அரங்கு. பெயர் கடாரம், பார்வை தஞ்சையினுடையது. கோரைப்பல் அரசனோ, வாதிடும் கருடனோ, விரலை வெட்டிக்கொண்ட சமையற்காரியோ அங்கே இல்லை. அவர்களை அறிந்துகொள்ளும் வாய்ப்பு சென்னையிலிருந்து எழுதியவர்க்குக் குறைவு; ஜெராய் மலையைக் காலை தோறும் பார்த்து வளர்ந்தவர்க்கு அவ்வாறு சொல்ல இயலாது. கெடாவின் பால்மரக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர் நல்லதங்காளையும் மதுரை வீரனையும் கூடவே கொண்டுவந்தனர். அடுத்த கம்பத்தில் வழங்கிய கதை எத்தனை தமிழ்ப்பள்ளி வகுப்புகளுக்குள் வந்திருக்கிறது?

1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்ற தனிநாயக அடிகள் காலத்திலேயே இதற்கு வழி திறக்கப்பட்டது. அத்துறையைச் சேர்ந்த சிங்காரவேலு, வடமொழி, தமிழ், தாய், மலாய் இராமகதைகளை ஒப்பிட்டு 1968இல் கட்டுரை எழுதினார். மலாய் இராமகதையில் சீதை இராவணன் மகள்; ஆதம் நபியின் வேண்டுகோளால் இராவணனுக்கு வரமளிப்பவன் அல்லாஹ். இவற்றைத் திரிபு என்று ஒதுக்காமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் கேட்கும் பழக்கம் அவ்வாய்விலிருந்து பள்ளி வரை இறங்கி வந்திருக்கலாம்.

பள்ளியில் நடப்பது வேறு. மாணவன் கட்டுரையில் ஒரு கதை தெரிந்த கதையாக இருந்தால், 'பார்த்து எழுதியது' என்று ஓரத்தில் எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பதோடு ஆசிரியர் கடமை முடிகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதியவனுக்கு அது தகும். ஆனால் பாட்டி சொன்ன காக்கை நரிக் கதையில் வடைக்குப் பதில் நெத்திலியையும், மரக்கிளைக்குப் பதில் தஞ்சோங் டாவாயின் படகுத்துறையையும் வைத்தவன் ஒருவன் அதே வகுப்பில் இருக்கக்கூடும். அவனிடம் கேட்கவேண்டிய கேள்வி 'எங்கிருந்து எடுத்தாய்' என்பதன்று. நெத்திலி வந்தபின் காக்கை வாயைத் திறப்பதற்கு வேறு காரணம் வேண்டுமே, அதை எங்கே வைத்தாய் என்று கேட்டுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தால் அவன் மறுபடியும் எழுதிக்கொண்டு வருவான்.